லேண்ட்மாஸ்டர் இழுத்த கூண்டு

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. போர்ட் பிளேரில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தேன்.
2. மாயாபந்தரில் பரமசிவம் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவரிடம் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் கார் இருந்தது. அதன் பின்னால் கட்டி இழுக்க, இரண்டு பேர் படுத்துச் சமைத்துச் சாப்பிடக்கூடிய ஒரு மர டிரெய்லரும் இருந்தது. சுற்றுலா வருகிறவர்களை அதில் கடற்கரை கடற்கரையாகக் கூட்டிப்போவது அவர் தொழில்.
3. எட்டு வருடம் அந்த டிரெய்லரைக் காரோடு கோர்த்தேன், அவிழ்த்தேன்.
4. ஒரு புயலுக்கு முந்தின நாள் டிரெய்லர் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அதை இந்தப் பக்கம் இழுத்தோம்.
5. டிரெய்லர் வந்து சேர்ந்தது. காரின் ஆக்ஸில் ஷாஃப்ட் உடைந்தது.
6. "இழுக்கலாம்" என்று சொன்னது நான்.
7. அடுத்த மாதம் வேலையை விட்டேன்.

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் அப்பா சிரிக்கிறார். "பென்ஷன் புக்க காட்டு" என்கிறார். இப்போது போர்ட் பிளேரில் ஜெனரேட்டர் பராமரிக்கும் இடத்தில் இருக்கிறேன். புரோத்ராபூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். அது வேறு வேலை. வண்டி இழுக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றவள்தான். இனி இந்தத் தீவுகளில் யாரும் அந்த வேலையை அந்த மாதிரி செய்யப்போவதில்லை.

எழுத வைத்தவள் ரேகா. ரங்கத் ஊருக்குப் பக்கத்துப் பெங்காலிக் குடும்பத்துப் பெண். என் இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். பரமசிவம் சார் புது பிக்கப் வாங்கிவிட்டார். டிரெய்லருக்கும் மின்சார பிரேக் வைத்தாயிற்று. நான்கு மாதம் முன்பு அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பாதி இந்தி, பாதி தமிழ்.

"தீதி, நீங்க ஒரு லிஸ்ட் வெச்சிருந்தீங்களாமே. சார்கிட்ட கேட்டேன். 'அது பழைய வண்டிக்கு. உனக்கு எதுக்கு, பட்டன் இருக்குல்ல' அப்படிங்கறார். எனக்கு பட்டன் மேல பரோஸா இல்ல தீதி. அனுப்புங்களேன்."

பட்டன் மேல் நம்பிக்கை இல்லாத பெண் என்றதும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. டிரெய்லரைக் கோர்த்து இழுக்குமுன் பார்க்கவேண்டியதையெல்லாம் எழுதி வைத்திருந்த அந்த லிஸ்டைத் தேடி எடுத்தேன். எடுத்ததும் மற்றதெல்லாம் வந்துவிட்டது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிப்ளமோ வகுப்பில் மூன்று பெண்கள். பிறகு ஆறு மாதம் ஒரு பஸ் பட்டறையில் அப்ரண்டிஸ். அங்கே என்னை வண்டிக்கு அடியில் படுக்க விடமாட்டார்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். சின்ன ஸ்பேனர்களின் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லும் அளவுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

மாயாபந்தருக்கு வேலை கேட்டுப் போன அன்று பரமசிவம் சார் சான்றிதழைப் பார்க்கவில்லை. காரின் முன்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"சாத்தும்மா."

சாத்தினேன். அவர் முகம் சுருங்கியது.

"ரங்கத் பஸ்ஸு கதவா அது? திரும்பச் சாத்து."

இந்தத் தடவை இரண்டு விரலால் தள்ளினேன். கதவு தன் எடையில் தானே போய், கடைசி அங்குலத்தில் நின்று யோசித்த மாதிரி, கனமாக ஒரு சத்தத்தோடு பூட்டிக்கொண்டது. இப்போதைய எந்தக் காரிலும் அந்தச் சத்தம் இல்லை. தகடு அவ்வளவு தடிமன். பூட்டு முழுக்க வார்ப்பு இரும்பு.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

"நாளைக்கு வா."

அந்தக் காரை அவருடைய அப்பா சாலை கான்ட்ராக்ட் எடுத்த காலத்தில் கப்பலில் கொண்டுவந்து இறக்கினாராம். அம்பாசடருக்கு மூத்தது. வெளிர் பச்சை. பானெட் குவிந்து இறங்கி, பக்கத்து மட்கார்டுகள் அதைவிடத் தாழ்ந்து, முன்னாலிருந்து பார்த்தால் குளிருக்குத் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். கியர் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே. முன்சீட் ஒரே பலகை. மூன்று பேர் உட்காரலாம். வெயில் ஏறினால் அந்த ரெக்ஸின், பெட்ரோல், பழைய தேங்காய் நார் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். வருகிறவர்கள் எல்லோரும் காரை வெளியிலிருந்து படம் எடுப்பார்கள். சார் அவர்களைக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, இன்ஜினைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார். சும்மா நிற்கும்போது அந்த இன்ஜின் அவசரமே இல்லாமல் சுற்றும். ஒவ்வொரு சுற்றையும் எண்ணலாம் போலிருக்கும். சிலருக்குப் புரியும். சிலர் "ஏசி இல்லையா?" என்பார்கள்.

டிரெய்லரை நாங்கள் கூண்டு என்போம். மாயாபந்தர் படகுத் தச்சர்கள் செய்தது. படாக் மரச் சட்டம், மேலே படகுக்குப் போடும் பிளைவுட், வளைந்த கூரை. இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, பின்பக்கம் கதவு. பிரேக் கிடையாது. சாலையில் எங்களைப் பார்த்தால் பஸ் டிரைவர்கள் விடமாட்டார்கள். "க்யா சிவா பாய், வீடு மாத்துறீங்களா? சாமான் முன்னாடியே போயிருச்சா?" கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் காரையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது அதை இழுக்குமா?" என்று கேட்டார். "இழுக்கும் சார். நீங்க மட்டும் மேட்டுல இறங்கி நடக்கணும்" என்றார் பரமசிவம். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அந்த மனிதர் இரண்டு மேடுகளில் நடந்தார்.

இழுப்பதில் எனக்கென்று நான் கண்டுபிடித்த முறைகள் இருந்தன. அவற்றை எழுதும்போது என் கைகளுக்கு அரிக்கிறது.

மேட்டில், கூண்டின் சக்கரத்துக்குப் பின்னால் ஆப்புக் கட்டை ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டே போவோம். கார் திணறி நின்று பின்னால் சரிந்தால், சக்கரம் கட்டையில் ஏறி உட்கார்ந்துவிடும். வண்டிகளை ஏற்றும் படகில் கூண்டை இறக்கும்போது பின்னால் பார்த்துக்கொண்டு ரிவர்ஸில் தள்ள முடியாது, கழுத்து போய்விடும். அதற்காகக் காரின் முன் பம்பரிலும் ஒரு கொக்கி வைத்தேன். கூண்டை மூக்கில் கோர்த்து, கண்ணெதிரே பார்த்தபடி அங்குலம் அங்குலமாகத் தள்ளி இறக்கலாம். படகிலிருந்து கரையேற வேறு முறை. கார் முதலில் தனியாக மேலே போய்விட வேண்டும். சமதளத்தில், காய்ந்த சாலையில் நிற்க வேண்டும். பிறகு நீளக் கயிறு. இன்னும் செங்குத்து என்றால் கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, கூண்டின் மூக்கில் ஒரு கப்பியை மாட்டி, அதன் வழியாகக் கயிற்றைத் திருப்பிக் காருக்குக் கொண்டுவருவேன். கார் இரண்டடி போனால் கூண்டு ஓரடி வரும். பாரம் பாதியாகிவிடும். முதல் தடவை இதைச் செய்தபோது சார் கப்பியை மட்டும் ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். மறுநாள் என் கப்பிக்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

அவர் தன்மையே அப்படி. குரலை உயர்த்திக் கேட்டதில்லை. கிளம்புமுன் ஒருதடவை காரைச் சுற்றி நடப்பார், எதையும் தொடமாட்டார். பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கண்ணாடியில், பின்னால் நிற்கும் என்னைப் பார்த்து மூன்று கேள்வி கேட்பார்.

"கொக்கி?"

"சரி சார்."

"கட்டை?"

"எடுத்தாச்சு."

"மனசு?"

மூன்றாவதற்கும் "சரி" வந்தால்தான் கிளட்ச் எழும்பும். வந்த புதிதில் அந்த மூன்றாவது கேள்வியை நான் ஏதோ பழக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் ஆம்குஞ்ச் கடற்கரையில், காரணம் சொல்லத் தெரியாமல், "மனசு சரியில்லை சார்" என்றேன். இறங்கி வந்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். கூண்டின் சக்கர நட்டு ஒன்று பாதி கழன்றிருந்தது. அதற்கப்புறம் நான் அதைப் பழக்கம் என்று நினைக்கவில்லை.

கோபம் வந்தால் மட்டும் அவர் என்னை "நீங்க" என்பார். எட்டு வருடத்தில் மூன்று தடவை.

இனி அந்தப் புயல்.

மாயாபந்தருக்கு வெளியே, ஒரு கழியைத் தாண்டி, ஆளில்லாத கடற்கரை ஒன்றில் கூண்டை நிறுத்தியிருந்தோம். புயல் எச்சரிக்கை வந்ததும் கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறது என்று விருந்தாளிகள் போய்விட்டார்கள். காலையில் கூண்டை எடுக்கப் போனால், இரவெல்லாம் கொட்டிய மழையில் கழி மேலிருந்த மரப்பாலத்தின் இரண்டு விட்டங்கள் சரிந்திருந்தன. நடந்து போகலாம், வண்டி போகாது. கார் இந்தப் பக்கம். கூண்டு அந்தப் பக்கம், கடலுக்கு நேரே. இரவுக்குள் காற்று வந்துவிடும் என்றார்கள்.

கூண்டு போனால் தொழில் போயிற்று. இன்னொன்று செய்யும் நிலையில் சார் இல்லை. தொழில் போனால் நான் ஏதாவது அலுவலகத்தில் டெஸ்பாட்ச் புத்தகம் எழுதப் போகவேண்டியதுதான். அப்பா அதற்கான விண்ணப்பப் படிவத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். அன்று காலை எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. எனக்கு வேண்டியது இந்த ஒரு வேலைதான்.

வெபி கிராமத்து ஜானை வரச்சொன்னோம். பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் வம்சத்தவர், அறுபதை நெருங்கியவர், அந்தக் கழியில் டுங்கி ஓட்டியே வளர்ந்தவர். டுங்கி என்றால் இங்கத்து மரப்படகு. இரண்டு டுங்கிகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடுக்கினோம். அந்தப் பக்கத்து நெல் விவசாயி ஒருவர் தன் பவர் டில்லரில் கூண்டைக் கடற்கரையிலிருந்து கழி வரை இழுத்து வந்தார். பலகையில் ஏற்றினோம். ஜான் கோல் ஊன்றித் தள்ள, என் கூண்டு தண்ணீரில் மிதந்து வந்தது. எல்லாம் கணக்குப்படி.

இந்தக் கரையில் மீனவர்கள் படகு ஏற்ற ஒரு சிமென்ட் சரிவு உண்டு. அதன் கீழ்முனை, தண்ணீர் குறைந்திருக்கும்போது சேற்றில் அரையடிப் படிபோல நிற்கும். தண்ணீர் முழுக்க ஏறினால் படி மூழ்கி, டுங்கிகள் அதற்கு மேலே மிதந்து வந்துவிடும். கூண்டு நேரே சிமென்டில் உருளும். ஆகவே உச்ச ஏற்றத்தில் இழுக்க வேண்டும். கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட டைட் டேபிள் புத்தகத்தைப் பார்த்தேன். மாயாபந்தருக்கு இரண்டு மணி பத்து நிமிஷம். இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நேரம் சரியாக இருந்தது.

பாதாம் மரத்தில் கயிறு கட்டினேன். கப்பி மாட்டினேன். சாலை மழையில் வழுக்கும் என்று காரின் பின்சக்கரங்களுக்கு அடியில் சாக்கு விரித்து மணல் போட்டேன். அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்: அந்தச் சாக்கை விரித்தது நான்.

இரண்டு பத்துக்கு ஜான் தண்ணீரைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையை ஆட்டினார். அவருக்கு நான் பேட்டி, அதாவது மகள்.

"பேட்டி, ருக்கோ, கொஞ்சம் நில்லு. பானி இன்னும் வரும்."

"அங்கிள், புக்ல ரெண்டு பத்துதான். இதுதான் உச்சம். இனிமே இறங்கும்."

"கித்தாப் ஜெட்டிக்குப் போட்டது. பானி ஜெட்டிலருந்து இங்க நடந்து வரணும்ல? அதுக்கு டைம் வேணாமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அங்கிள் கடிகாரத்துல பேட்டரி போச்சு" என்றார். ஜானும் சிரித்தார். ஆனால் கோலைக் கீழே போடவில்லை.

அவர் சொன்னது சரி. கடலில் உச்சம் வந்த பிறகும் கழியின் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். வளைந்து வளைந்து, அலையாத்தி வேர்களுக்குள் புகுந்து வர அதற்கு நேரமாகும். படித்தவளான எனக்கு அது தெரியாமல் இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் மேகத்தைப் பார்த்தேன், இருட்டை நினைத்தேன், அத்தனை ஆண்களுக்கு நடுவில் என் கயிறும் கப்பியும் கணக்கும் சரியாக நிற்பதைப் பார்த்தேன்.

கண்ணாடியில் சாரின் கண்கள்.

"கொக்கி?"

"சரி சார்."

"கட்டை?"

"எடுத்தாச்சு."

"மனசு?"

சரியில்லை. ஜான் சொன்னதும் ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டது. காரணம் சொல்லத் தேவையில்லை, "இல்லை" என்று மட்டும் சொன்னால் போதும், அவர் இறங்கி வந்துவிடுவார்.

"சரி சார். இழுக்கலாம்" என்றேன்.

கிளட்ச் எழுந்தது. கயிறு தண்ணீரை உதறிக்கொண்டு நிமிர்ந்தது. கூண்டின் சக்கரங்கள் பலகையை விட்டு இறங்கின. சிமென்டில் இறங்கவில்லை, சேற்றில் இறங்கி, படியின் விளிம்பில் போய் முட்டின. கார் நின்றது. சார் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். வெறும் சாலையாக இருந்திருந்தால் பின்சக்கரங்கள் வழுக்கிச் சுற்றியிருக்கும், அதோடு போயிருக்கும். சாக்கும் மணலும் அவற்றைப் பிடித்துக்கொண்டன. சுற்ற வழியில்லாத சக்கரத்துக்கும் சுற்றியே தீரவேண்டிய இன்ஜினுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒற்றை ஷாஃப்ட்.

சத்தம் பெரிதாக இல்லை. மூடிய அறைக்குள் யாரோ செங்கல்லைத் தவறவிட்ட மாதிரி. கயிறு தொய்ந்தது. இன்ஜின் முன்போலவே அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கியர் விழுந்திருந்தது, கிளட்ச் முழுக்க மேலே வந்திருந்தது, கார் அசையவில்லை.

சார் ஒரே ஒரு தடவை கியரை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார். இறங்கி வந்து பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, அதன் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எழுந்து ஜானைப் பார்த்து, "கித்னா டைம்?" என்று மட்டும் கேட்டார்.

"ஏக் கண்டா. ஒரு மணி நேரம் போதும்."

காத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே ஆயிற்று. தண்ணீர் ஏறி, படியை மூடி, கூண்டை அடியிலிருந்து தூக்கியது. படகுத் தச்சர் செய்த பெட்டி, மிதக்கத் தெரிந்திருந்தது. பத்துப் பேர் கயிற்றைப் பிடித்து நடந்தே அதைச் சரிவில் ஏற்றிவிட்டார்கள். யாரும் மூச்சுவாங்கக்கூட இல்லை. காருக்கு அன்று வேலையே இருந்திருக்கவில்லை.

இருட்டுவதற்கு முன் கூண்டை டிராக்டரில் கட்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். பிறகு காரையும். நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் சார்.

புயல் வடக்கே திரும்பிவிட்டது. ஒரு ஓலைகூடப் பறக்கவில்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் இருந்திருப்பேன். திட்டவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் "நீங்க" தான். ஒருமாதம் பொறுத்தேன். லேண்ட்மாஸ்டர் ஷாஃப்ட் இப்போது யாரிடமும் இல்லை, அம்பாசடர் அச்சு முழுசாகக் கிடைக்கிறது, கொஞ்சம் வெட்டி ஒட்டினால் பொருந்தும், நானே செய்து தருகிறேன் என்றேன்.

"ஓடும். தெரியும். ஆனா அது அம்பாசடராத்தான் ஓடும்" என்றார். "எங்க அப்பா கொண்டாந்தது இது இல்லன்னு ஆயிரும்."

அடுத்த வாரம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாயாபந்தர் பஸ் நிலையம் வரை என் பெட்டியைத் தூக்கி வந்தது ஜான். "பானி சொன்னதுதான் பேட்டி, நான் சொல்லல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஜெனரேட்டர் பட்டறையில் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், காது அடைத்துப்போகும். மதியம் மின்சாரம் வந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தும்போது ஒரு அமைதி வரும். அந்த அமைதிக்குள் சில நாள் எனக்கு அந்த இன்ஜின் கேட்கிறது. எண்ணக்கூடிய மாதிரி. கண்ணாடியில் இரண்டு கண்கள் என்னைக் கேட்கக் காத்திருப்பதுபோல் தோன்றும். கூண்டும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். கழிக்கரையில் அந்த ஒரு நொடி மறுபடி கிடைத்தால் போதும் என்று இருக்கும்.

ரேகாவுக்கு லிஸ்டை அனுப்பினேன். இருபத்தொரு வரி. அதன் கீழே புதிதாக ஒன்று சேர்த்தேன்: டைட் டேபிளில் உள்ள நேரம் ஜெட்டிக்கு. கழிக்குள் போனால் புத்தகத்தை மூடிவிட்டு ஜான் அங்கிளைக் கேள்.

அவளிடம் இன்னொன்றும் கேட்டேன். உடைந்த ஷாஃப்டின் இரண்டு துண்டுகளும் கொட்டகையில் கிடக்கின்றனவா என்று. கிடந்தன. சாருக்குத் தெரியாமல் வேண்டாம், கேட்டுவிட்டு அனுப்பு என்றேன். "வெச்சுட்டு என்ன பண்ணப்போறோம்" என்றாராம். ரங்கத் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். நீளம், விட்டம், பல்லின் எண்ணிக்கை, பல்லின் சரிவு, நுனியின் கூம்பு. நான்கு தடவை அளந்து, நான்கும் ஒத்துவந்த பிறகு படம் வரைந்தேன். மெயின்லேண்டில் ஒரு லேத் பட்டறையில் அதேபோல ஒன்றைக் கடைந்து, சூடேற்றிப் பதப்படுத்தித் தந்தார்கள். கப்பலில் வந்தது. மறுபடி அளந்தேன். சரியாக இருந்தது. கடிதம் எதுவும் வைக்காமல் மாயாபந்தருக்கு அனுப்பினேன்.

ரேகா சொன்னது இது. சார் காகிதத்தைப் பிரித்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பற்களை நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணினார். யார் அனுப்பியது என்று கேட்கவில்லை. மறுபடி கிரீஸ் தடவி, காகிதத்தில் சுற்றி, காரின் முன்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

இன்றைய நிலை: கார் கொட்டகையில் நான்கு கட்டைகளின் மேல் நிற்கிறது. கூண்டு பிக்கப்பின் பின்னால் வாரம் ஒருமுறை போய்வருகிறது. ஷாஃப்ட் வந்து ஐந்து வாரம் ஆகிறது; இன்னும் பொருத்தப்படவில்லை, திரும்பியும் வரவில்லை. நான் புரோத்ராபூரில் இருக்கிறேன்.